பதினைந்து ரூபா அபராதம்

1949ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே, டாக்காப் பல்கலைக்கழகத்துச் சிற்றூழியர்கள் ஊதியம் முதலிய குறைகள் நீங்கவேண்டி வேலைநிறுத்தஞ் செய்தனர். மாணவர் பலர் அவர்கள் பக்கம் நின்றனர். ஊழியரின் குறையை ஆராய்வதினும் மாணவரைத் தண்டிப்பது நிர்வாகத்தாருக்கு எளிதாகத் தோன்றிற்றுப் போலும். 27 மாணவர் தண்டனைக்குள்ளாயினர்.

அவருள் சட்டம் பயின்ற ஒருவருக்கு விதிக்கப்பட்ட அபராதம் 15 ரூபாவே. அதனைக் கட்டி, நன்னடத்தைப் பிணையும் கொடுத்திருந்தால் அவர் வகுப்புக்குத் திரும்பியிருக்கலாம். அநீதியான அபராதத்தைக் கட்டேன் என்று மறுத்தார், வெளியேற்றப்பட்டார். ஏப்பிரலில் உபவேந்தரின் இல்லத்து வாயிலில் மறியல் செய்தபோது கைதானார். ஜூன் 23இல் தோன்றிய அவாமி முஸ்லிம் லீக், சிறையிலிருந்த அவரையே தன் இணைச் செயலாளராகத் தெரிவுசெய்தது.

அவர்தாம் பின்னாளில் வங்காளதேசத்தின் முதற் சனாதிபதியான ஷேக் முஜிபுர் ரஹ்மான். 1975இல் அவர் கொலையுண்டார். பல்கலைக்கழகம் அத்தண்டனையை நீக்கியது 2010 ஆகஸ்டில்.