கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒரு பழைய கார்: வாங்குவோரும் வைத்திருப்போரும் அறியவேண்டியவை

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனைக்குப் போகும் வீதியில் காத்தான்குடியைத் தாண்டியதும் வருவது ஆரையம்பதி. கிழக்கே வங்கக்கடல், மேற்கே வாவி, நடுவில் ஒடுங்கிய மணல் நிலம். இந்த எழுவான்கரை ஊர்களில் இரும்பு நெடுநாள் நிற்காது. வேலிக் கம்பியும் கூரைத் தகரமும் சைக்கிள் றிம்மும் உப்புக்காற்றில் எவ்வளவு விரைவாகக் கறள் பிடிக்கின்றன என்பது இங்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். அறுபது வயதான ஒரு மொறிஸ் மைனரையோ எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் காரையோ இந்த மண்ணில் ஓடும் நிலையில் வைத்திருக்க முடியுமா என்று கேட்டால், முடியும் என்பதே பதில். ஆனால் கொழும்பிலோ நுவரெலியாவிலோ இருப்பவருக்கு வேண்டாத சில கவனங்கள் இங்கே கட்டாயம் வேண்டும்.

இலங்கையில் மிஞ்சியிருக்கும் பழைய கார்கள்

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு வந்தபோது கார் இறக்குமதி இறுக்கிப் பிடிக்கப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை, வந்திறங்கிய பிரித்தானியக் கார்களையே மக்கள் திருத்தித் திருத்தி ஓடினார்கள். ஒஸ்ரின் ஏ40 சோமசெற், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர் ஆகியவை தமிழர் பகுதிகளில் வாடகைக் காராகவும் கலியாணக் காராகவும் ஓடி, குடும்பப் பெயரோடு சேர்ந்துகொண்டன.

ஸ்போர்ட்ஸ் கார்கள் குறைவாகவே வந்தன. பெரும்பாலும் தோட்டத்துரைமாரும் கொழும்புச் செல்வந்தரும் வைத்திருந்தவை. நுவரெலியாவின் மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கியது, எம்.ஜி. போன்ற வண்டிகளுக்கு இந்த நாட்டில் மவுசு வந்ததற்கு அத்தகைய போட்டிகளும் ஒரு காரணம்.

குடும்பக் காருக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் உள்ளே இருக்கும் உறவு பலருக்குத் தெரிவதில்லை. அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனர், 1952இலிருந்து 'ஏ' வரிசை எஞ்சினோடு வந்தது. முதலில் 803 சிசி, 1956இல் 948, 1962இல் 1098. 1958இல் வந்த ஒஸ்ரின் ஹீலி ஸ்பிரைற்றிலும் 1961இல் வந்த எம்.ஜி. மிட்ஜெற்றிலும் இருப்பது அதே குடும்பத்து எஞ்சின்தான். ஸ்பிரைற்றின் ஸ்டியரிங் மைனரிலிருந்தே எடுக்கப்பட்டது. அதேபோல 1962 முதல் 1980 வரை வெளியான எம்.ஜி.பி.யின் 1798 சிசி எஞ்சின், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜின் 'பி' வரிசையைச் சேர்ந்தது. ஆகவே மைனரையும் கேம்பிறிட்ஜையும் திருத்திப் பழகிய மெக்கானிக் ஒருவருக்கு மிட்ஜெற்றோ எம்.ஜி.பி.யோ புதிய பாடம் அல்ல.

வாங்கும் முன் புத்தகத்தைப் பாருங்கள்

காரைப் பார்ப்பதற்கு முன் பதிவுப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். சேசிஸ் இலக்கமும் எஞ்சின் இலக்கமும் புத்தகத்தில் உள்ளவற்றோடு பொருந்துகின்றனவா என்பதை நேரில் ஒப்பிடுங்கள். போர்க்காலத்தில் எஞ்சின் மாற்றப்பட்டு, அது பதிவில் ஏறாமல் விடப்பட்ட வண்டிகள் உண்டு. சொந்தக்காரர் இறந்தோ வெளிநாடு போயோ பெயர் மாற்றாமல் கிடக்கும் வண்டிகளும் உண்டு. இதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் சீராக்க முடியுமா என்று அறியாமல் முற்பணம் கொடுக்க வேண்டாம். வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்குக் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும்.

இலக்கத்தகடும் ஒரு சான்று. சிலோன் என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளிலிருந்து எடுத்த சீ.என்., ஈ.எல்., ஈ.வை. போன்றவை பழையவை. அதன்பின் 1950களின் பிற்பகுதியில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வந்தது. 1957, 58இல் வடக்கு கிழக்கில் அதற்கு எதிராக நடந்த போராட்டத்தில் அந்த எழுத்தைத் தார் பூசி அழித்ததை முதியவர்கள் இன்றும் சொல்வார்கள். இந்தக் கார்களோடு அந்த வரலாறும் ஒட்டிக்கொண்டே வருகிறது.

முதல் எதிரி கறள்

எஞ்சின் பழுதானால் திருத்தலாம். கூடு உக்கினால் கார் போய்விட்டது. மைனர், மிட்ஜெற், எம்.ஜி.பி. மூன்றுக்கும் தனிச் சேசிஸ் சட்டம் கிடையாது. தகரக் கூடே பாரத்தைத் தாங்குகிறது. கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதி உக்கினால் அது அழகுக் குறை மட்டுமல்ல, வண்டியே நடுவில் தொய்ந்துவிடும். கூரை இல்லாத மிட்ஜெற்றிலும் எம்.ஜி.பி.யிலும் முழுப் பலமும் அந்தச் சில்லில்தான் இருக்கிறது. கதவைத் திறந்து மூடும்போது உரசினாலோ, ஜக் வைத்துத் தூக்கியதும் கதவு இறுகிப்போனாலோ சில் பலவீனம் என்று அறிந்துகொள்ளலாம்.

மைனரில் பார்க்கவேண்டிய மற்ற இடங்கள்: பின் வில்லுத்தட்டு பூட்டும் இடம், முன் ஆசனத்துக்குக் கீழே குறுக்கே ஓடும் பாகம், ஜக் வைக்கும் இடம், எஞ்சினைத் தாங்கும் முன் கால்கள். ஒரு காந்தத்தைக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் உள்ளே இருப்பது தகரம் அல்ல, புட்டி. பளபளக்கும் புதுப் பெயின்ற்றைக் கண்டு ஏமாறாதீர்கள்.

காரை வைத்திருக்கும் முறையும் முக்கியம். பிளாஸ்ரிக் படங்கால் இறுக மூடினால் வியர்வை உள்ளேயே தங்கிக் கறளை வளர்க்கும். காற்றோட்டமுள்ள கிடுகுக் கொட்டில் அதைவிட நல்லது. தரை மணலாக இல்லாமல் சீமெந்தாக இருக்கட்டும். ஈரம் மணலிலிருந்து மேலே வரும். கழுவும்போது அடிப்பக்கத்தையும் கழுவுங்கள். வாவியோரக் கிணறுகள் சிலவற்றில் தண்ணீர் உவர்ப்பாக இருக்கும். அந்தத் தண்ணீரால் கழுவுவதைவிடச் சும்மா விடுவது மேல். மார்கழி மாரிக்கு முன் கதவுகளின் அடியிலும் சில்லிலும் இருக்கும் நீர் வடியும் துவாரங்களைத் துப்புரவாக்கி, உள்ளே மெழுகோ ஒயிலோ விசிறிவிட வேண்டும். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் பிரேக் டிரம், கியர்பெட்டி, பின் அச்சு மூன்றையும் திறந்து பார்க்காமல் ஓட வேண்டாம்.

எரிபொருளும் எஞ்சினும்

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கிய பின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடைசெய்யப்பட்டது. அப்போது ஒஸ்ரினும் மொறிஸும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினைத் தொடக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பழைய எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவு என்பதால் இது முடிந்தது. 803 சிசி மைனரில் அது 7.2க்கு 1 அளவே. ஆனால் எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கும், வால்வுகளில் கரி கட்டும். அந்தக் காலத்தைக் கடந்துவந்த எஞ்சின் என்றால் பிஸ்டன் றிங்குகளும் பெயாரிங்குகளும் தேய்ந்திருக்கலாம். ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்கத்தையும் அளந்து பாருங்கள். நான்கும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்க வேண்டும்.

இந்த எஞ்சின்கள் ஈயம் கலந்த பெற்றோலுக்காகச் செய்யப்பட்டவை. இன்றைய ஈயமற்ற பெற்றோலில் வேகமாக ஓடினால் வார்ப்பிரும்புத் தலையிலுள்ள வெளியேற்று வால்வின் இருக்கை மெல்ல மெல்ல உள்ளே தேயும். வால்வ் இடைவெளி அடிக்கடி குறைந்துவருவது அதன் அடையாளம். தலையைக் கழற்றும் நாளில் லேத் வேலைத்தலத்தில் கடினமான இருக்கைகளைப் பொருத்திக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது. மைனருக்கு ஒக்டேன் 92 போதும். அமுக்க விகிதம் கூடிய எம்.ஜி.பி.க்கு 95 நல்லது.

எஸ்.யு. காபரேற்றரின் மேல்மூடியைத் திறந்து உள்ளே மெல்லிய ஒயில் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். அது வற்றினால் அக்சிலரேற்றரை மிதிக்கும்போது வண்டி திக்கும்.

உயிருக்கு ஆபத்தான இரண்டு இடங்கள்

முதலாவது பிரேக். மைனரிலும் ஆரம்பகால எம்.ஜி.பி.யிலும் பிரேக் ஒயில் ஒரே சுற்றில் ஓடுகிறது. ஒரு குழாய் கறள் பிடித்து வெடித்தால் நான்கு சில்லுக்கும் பிரேக் இல்லை. மைனரின் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடித் தளத்துக்குக் கீழே இருப்பதால் பலர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுவதும் மாற்றுங்கள். இரும்புக் குழாய்களுக்குப் பதிலாகச் செம்பு நிக்கல் கலப்புக் குழாய் போடுவது நம் கடற்கரைக்கு ஏற்றது. கைப்பிரேக் எப்போதும் வேலை செய்ய வேண்டும்.

இரண்டாவது, மைனரின் முன்சில்லைத் தாங்கும் கீழ் திருகு மூட்டு. கிறீஸ் இல்லாமல் தேய்ந்தால் மூட்டு கழன்று, சில்லு மடிந்து, வண்டி வீதியில் குந்திவிடும். 1000 மைலுக்கு ஒருமுறை, அதாவது சுமார் 1600 கிலோமீற்றருக்கு ஒருமுறை, ஜக் வைத்துத் தூக்கிக் கிறீஸ் அடியுங்கள். குறைவாக ஓடினாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அடிக்க வேண்டும். ரயம்ப் ஹெரால்ட், ஸ்பிற்ஃபயர் வைத்திருப்பவர்களுக்கு இது வேறு: அவற்றின் முன் மூட்டுக்குக் கியர் ஒயில்தான் விட வேண்டும், கிறீஸ் அல்ல. இந்த வித்தியாசம் தெரியாமல் கெட்ட வண்டிகள் பல.

பற்றரி, ரயர், ஸ்பனர்

மைனரிலும் 1967 வரையான எம்.ஜி.பி.யிலும் பற்றரியின் நேர்முனையே கூட்டோடு இணைக்கப்பட்டிருக்கும். இன்றைய மெக்கானிக் பழக்கத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டால் பிற்காலத்தில் பூட்டிய ரேடியோ போன்றவை எரிந்துவிடும். பொனற்றுக்குள் தெளிவாக எழுதி ஒட்டிவையுங்கள். ரயரில் பூ இருக்கிறதே என்று பார்க்காமல் பக்கச் சுவரிலுள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருடம். பத்து வருடம் கடந்திருந்தால் கழற்றுங்கள். இந்தக் கார்களின் நட்டுகள் அங்குல அளவு. அரை அங்குல நட்டில் 13 மில்லிமீற்றர் ஸ்பனரைப் போட்டால் முனை மழுங்கும்.

பாகமும் கையும்

பழைய பாகங்களுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தை இன்னும் முதல் இடம். புதிதாகச் செய்யப்படும் பாகங்கள் இங்கிலாந்தில் தாராளமாகக் கிடைக்கின்றன. எம்.ஜி.பி.யின் முழுக் கூட்டையே 1988 முதல் பழைய அச்சுகளைக் கொண்டு மீண்டும் செய்கிறார்கள். 1990களில் இலங்கையில் செய்த மைனர் பாகங்கள் இங்கிலாந்தின் பாத் நகரில் சார்ள்ஸ் வேர் நடத்திய மைனர் நிலையத்துக்குப் போனதும் உண்டு. அந்தத் தொழில்திறன் இந்த நாட்டில் இருந்தது என்பதற்கு அது சாட்சி.

இன்றைய தட்டுப்பாடு பாகத்தில் அல்ல, கையில். காபரேற்றரைக் காதால் கேட்டே சீராக்குபவர்களும், தகரத்தை அடித்து வளைத்துச் சில் செய்யும் டிங்கர்மாரும் முதியவர்களாகிவிட்டார்கள். கராஜில் நிற்கும் இளைஞர்கள் கணினி பூட்டிப் பார்க்கும் ஜப்பானிய வண்டிகளில் பழகியவர்கள். ஆகவே வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். செய்ததைத் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதுங்கள், கழற்றும் முன் படம் எடுங்கள். முடிந்தால் ஊர்ப் பொடியன் ஒருவனையும் கூட நிறுத்துங்கள்.

ஓட்டுவதும் கைவிடுவதும்

நிறுத்திவைத்த கார் ஓடும் காரைவிட வேகமாகக் கெடும். வாரம் ஒருமுறை, 2014இல் திறந்த மண்முனைப் பாலத்தால் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போய்வந்தால் எஞ்சின் முழுச் சூடேறி உள் ஈரம் வெளியேறும். பிரேக்கும் இறுகாது.

எல்லா வண்டியையும் காப்பாற்ற முடியாது. சில், முன் கால்கள், பின் வில்லுப் பிடி மூன்றும் உக்கியிருந்தால், உணர்ச்சிக்காக அதில் பணம் கொட்ட வேண்டாம். ஆனால் இரும்புக்கடைக்கு நிறுத்துக் கொடுக்கவும் வேண்டாம். எஞ்சின், கியர்பெட்டி, கண்ணாடி, கதவுப் பிடி, விளக்கு எல்லாவற்றையும் கழற்றி, கறள்படாமல் ஒயில் பூசி, இன்னொரு மைனர் வைத்திருப்பவருக்குக் கொடுங்கள். இலங்கைக்கு இனி இவை புதிதாக வரப்போவதில்லை. ஒரு கார் அழியும்போது அதன் பாகங்களால் மற்றொன்று ஓடுமானால் அதுவே இலாபம்.