லாப்ரடூடில் பிறந்த கதை

கடிதம் ஹவாயிலிருந்து வந்தது. எழுதியவர் பார்வைக் குறைபாடுள்ள ஒரு பெண்மணி. தனக்கு வழிகாட்டி நாய் ஒன்று வேண்டும், ஆனால் கணவருக்கு நாய் என்றாலே ஒவ்வாமை. அவருக்குத் தொல்லை தராத நாயாகப் பார்த்துத் தர முடியுமா என்று கேட்டிருந்தார். காலம் 1980களின் பிற்பகுதி. கடிதம் போய்ச் சேர்ந்த இடம் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலிருந்த ராயல் கைடு டாக்ஸ் சங்கம். அங்கே நாய் இனவிருத்திப் பிரிவைக் கவனித்துக்கொண்டிருந்தவர் வாலி கான்ரன்.

இன்று இரண்டு இனங்களைக் கலந்து டிசைனர் நாய் என்று உலகெங்கும் நடக்கும் வியாபாரத்துக்கு அந்தக் கடிதத்தைத்தான் தொடக்கமாகச் சொல்கிறார்கள். முழு உண்மை அப்படியல்ல. காக்கர் ஸ்பானியலும் பூடிலும் சேர்ந்து பிறந்த காக்கப்பூ 1960களிலேயே அமெரிக்க வீடுகளில் வளர்ந்தது. லாப்ரடாரும் பூடிலும் கலந்த நாய்க்கு லாப்ரடூடில் என்ற பெயரும் பழையதுதான். வேகச் சாதனை வீரர் டொனால்ட் கேம்பல் 1955இல் வந்த தன் நூலில் தன் நாயை அப்படிக் குறிப்பிட்டிருக்கிறார். ஆனால் கலப்பு நாய் என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் யோசித்தவர்கள், அதற்கே பெரும் விலை கொடுத்துப் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்கத் தொடங்கியது கான்ரனின் நாய்களுக்குப் பிறகுதான்.

கான்ரன் முதலில் கலப்பைப் பற்றி யோசிக்கவே இல்லை. பூடில் போதும் என்றுதான் நினைத்தார். அதன் ரோமம் மற்ற நாய்களுடையதைப் போல உதிர்ந்து வீடெங்கும் பறக்காது. வளர்ந்துகொண்டே இருக்கும், நாம்தான் வெட்டிவிட வேண்டும். புத்தியிலும் குறைவில்லாத இனம். மூன்று ஆண்டுகளில் 33 பூடில்களைச் சோதித்துப் பார்த்தார். ஒன்றுகூடத் தேறவில்லை. வழிகாட்டி நாயின் வேலை அப்படிப்பட்டது. சேணத்தின் பிடியைப் பிடித்திருப்பவர் போகச் சொன்னாலும், எதிரே வண்டி வந்தால் சொல்லை மீறி நிற்க வேண்டும். கூட்டத்துக்கும் இரைச்சலுக்கும் பதறக் கூடாது. இன்னொரு நாயைக் கண்டதும் இழுத்துக்கொண்டு ஓடக் கூடாது. லாப்ரடாருக்கு அந்த நிதானம் உண்டு, ஆனால் அதன் ரோமம் கொட்டும்.

அப்படியானால் இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம் என்று, தன் மேலதிகாரியிடம் இருந்த பூடிலை ஒரு லாப்ரடார் பெட்டையோடு சேர்த்தார். மூன்று குட்டிகள் பிறந்தன. சுல்தான், ஷேக், சைமன் என்று பெயர் வைத்தார்கள்.

அடுத்து அவர் செய்ததைத்தான் இந்தக் கதையிலேயே முக்கியமானதாக நான் நினைக்கிறேன். மூன்று குட்டிகளின் ரோமத்தையும் எச்சிலையும் எடுத்து ஹவாய்க்கு அனுப்பினார். அந்தக் கணவரின் உடம்பு ஏற்கிறதா என்று சோதித்துப் பார்த்தார்கள். ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே ஈற்று. ஆனாலும் மூன்றில் ஒன்றுதான் அவருக்கு ஒத்துக்கொண்டது. அது சுல்தான். பயிற்சி முடிந்து ஹவாய்க்குப் போன சுல்தான் அந்தப் பெண்மணிக்கு வழிகாட்டியாக இருந்தது.

ஆக, கேட்டது கிடைத்துவிட்டது. கதை அங்கேயே முடிந்திருக்கலாம்.

முடியாமல் போனதற்குக் காரணம் ஒரு நடைமுறைச் சிக்கல். வழிகாட்டி நாய்க்குட்டிகள் பயிற்சிக்கு வருமுன் கொஞ்ச காலம் ஏதாவது ஒரு குடும்பத்தில் வளர வேண்டும். மாடிப்படி, பேருந்து, குழந்தைகள், கடைத்தெரு எல்லாம் அப்போதுதான் பழகும். சங்கத்தின் குட்டிகளை வளர்த்துத் தர எப்போதும் ஆட்கள் காத்திருப்பார்கள். ஆனால் இந்த மூன்றையும் யாரும் ஏற்கவில்லை. கலப்பு நாய் வேண்டாம், அசல் இனம்தான் வேண்டும் என்றார்கள். கான்ரன் சங்கத்தின் விளம்பரப் பிரிவுக்குப் போய், புதிய நாய் ஒன்றை உருவாக்கியிருக்கிறோம், பெயர் லாப்ரடூடில் என்று ஊருக்குச் சொல்லச் சொன்னார். சேனல் 9 தொலைக்காட்சியில் செய்தி வந்தது. அதன் பிறகு தொலைபேசி ஓயவில்லை. அதே மூன்று குட்டிகள்தான், அதே ரத்தம்தான். கலப்பு என்றபோது வேண்டாம் என்றவர்கள் பெயர் வைத்ததும் வேண்டும் என்றார்கள்.

கான்ரன் அப்படிச் செய்ததை என்னால் குறை சொல்ல முடியவில்லை. அவருக்கு விற்க வேண்டிய சரக்கு எதுவும் இல்லை. மூன்று குட்டிகளுக்கு வீடு வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அவர் மொத்தம் 31 லாப்ரடூடில்களைத்தான் உருவாக்கியதாகச் சொல்லியிருக்கிறார். அவற்றிலும் எல்லாமே ஒவ்வாமைக்காரர்களுக்கு ஏற்றவையாக இல்லை. ஓர் ஈற்றில் பிறந்த பத்துக் குட்டிகளில் மூன்றுதான் தேறின. இதை அவர் ஒளித்ததில்லை. ஆனால் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு போனவர்கள் அவர் செய்த சோதனையை மட்டும் விட்டுவிட்டார்கள். லாப்ரடூடில் என்றாலே ஒவ்வாமை வராத நாய் என்று எழுதி விற்றார்கள். கோல்டன் ரிட்ரீவரோடு சேர்த்தால் கோல்டன்டூடில், பெர்னீஸ் மலைநாயோடு சேர்த்தால் பெர்னடூடில், கவாலியர் ஸ்பானியலோடு சேர்த்தால் கவூடில் என்று பட்டியல் நீண்டது. பூடிலோடு எதைச் சேர்த்தாலும் அதே வாக்குறுதி.

அந்த வாக்குறுதி எவ்வளவு தூரம் உண்மை? நாயால் வரும் ஒவ்வாமைக்கு ரோமம் நேரடிக் காரணமல்ல. நாயின் எச்சிலிலும் தோலிலிருந்து உதிரும் பொடுகிலும் உள்ள புரதங்கள்தான் காரணம். அவற்றில் முக்கியமானது கேன் எஃப் 1. ரோமம் கொட்டாத நாயும் தன் உடம்பை நக்கும், அதற்கும் பொடுகு உதிரும். நெதர்லாந்தில் நடந்து 2012இல் வெளியான ஓர் ஆய்வில், ஒவ்வாமை தராதவை என்று பெயரெடுத்த பூடில், லாப்ரடூடில் போன்ற நாய்களின் ரோமத்தில் அந்தப் புரதம் மற்ற நாய்களைவிட அதிகமாகவே இருந்தது. லாப்ரடூடில் வளரும் வீடுகளின் தரைத்தூசியில் மட்டும் கொஞ்சம் குறைவு. வீட்டுக் காற்றில் வித்தியாசமே இல்லை. ஒருவருக்கு ஒத்துக்கொள்ளும் குட்டி என்பது உண்டு, சுல்தானே சாட்சி. ஒவ்வாமை தராத இனம் என்பதுதான் கிடையாது.

ரோமம் கொட்டாது என்ற பேச்சிலும் பாதிதான் உண்மை. நாயின் முகத்தில் தாடி மீசை வளர்வதற்கும், ரோமம் குறைவாகக் கொட்டுவதற்கும் காரணமான மரபணு பூடிலிடம் உண்டு, லாப்ரடாரிடம் இல்லை. ஒரு பிரதி கிடைத்தாலே தாடி வந்துவிடும் என்பதால் முதல் தலைமுறைக் குட்டிகள் எல்லாவற்றுக்கும் முகத்தில் தாடி இருக்கும். அந்தக் குட்டிகளை வளர்த்து ஒன்றோடொன்று சேர்த்தால், அடுத்த தலைமுறையில் கணக்குப்படி நாலில் ஒன்றுக்கு அந்த மரபணு கிடைக்காது. அது லாப்ரடார் மாதிரியே கொட்டும். ஒரே கூடையில் படுத்திருக்கும் குட்டிகளில் ஒன்று சுருட்டை, ஒன்று அலை, ஒன்று நேர்முடி என்று இருப்பதற்கும் காரணம் மரபணுக்கள் இப்படிக் கலைந்து சேர்வதுதான். வாங்குகிறவர் எட்டு வாரக் குட்டியைப் பார்த்து இதை முழுக்கக் கணிக்க முடியாது. இந்தச் சிக்கலைத் தவிர்க்கப் பலர் திரும்பத் திரும்பப் பூடிலையே சேர்த்தார்கள். ஆஸ்திரேலிய லாப்ரடூடில்களின் மரபணுவை ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட கட்டுரை, அவற்றில் பெரும்பங்கு பூடில்தான் என்று காட்டியது.

ஆரோக்கியத்துக்கு வருவோம். கலப்பு என்றால் நோய் வராது என்பது விற்பவர்கள் சொல்லும் இரண்டாவது வாக்குறுதி. தாயிடம் ஒரு கோளாறும் தகப்பனிடம் வேறொரு கோளாறும் இருந்து, இரண்டும் ஒடுங்கு பண்புகளானால், அதாவது இரு பக்கமிருந்தும் வந்தால்தான் வெளிப்படுபவையானால், குட்டிக்கு இரண்டுமே வெளிப்படாமல் போகலாம். அது சரிதான். ஆனால் இருவரிடமும் இருப்பது ஒரே கோளாறு என்றால்? விழித்திரை படிப்படியாக அழிந்து கண் தெரியாமல் போகும் ஒரு பரம்பரை நோய்க்கான அதே மரபணுப் பிழை லாப்ரடாரிலும் உண்டு, பூடிலிலும் உண்டு. இடுப்பு மூட்டுக் கோளாறு இரண்டு இனத்துக்கும் பொதுவானது. பெற்றோர் இருவரையும் சோதிக்காமல் சேர்த்தால், கண்ணில்லாதவருக்கு வழிகாட்டப் பிறந்த நாயின் வம்சத்திலேயே பார்வை இழக்கும் குட்டி பிறக்கலாம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

பிரிட்டனில் 2024இல் ஓர் ஆய்வு வெளியானது. காக்கப்பூ, லாப்ரடூடில், கவப்பூ (கவூடிலின் இன்னொரு பெயர்) ஆகிய மூன்றையும் அவற்றின் பெற்றோர் இனங்களோடு 57 நோய்களில் ஒப்பிட்டார்கள். 86 சதவீதத்துக்கும் அதிகமான ஒப்பீடுகளில் வித்தியாசம் இல்லை. கலப்பு நாய் நோயற்றது என்பவர்களுக்கு இது பதில். கலப்பு நாய் எல்லாம் கோளாறானது என்று திட்டும் அசல் இனக்காரர்களுக்கும் இதுதான் பதில். கண்காட்சிக்காக மூக்கைச் சப்பையாக்கி மூச்சுவிடத் திணறும் நாய்களை உருவாக்கியது அசல் இன உலகம்தான். அவர்களுக்கு இதில் பெருமை பேச இடமில்லை.

நாய்க்கு நேரும் கஷ்டங்களில் அதிகம் பேசப்படாத ஒன்று ரோமச் சிக்கு. பூடிலின் சுருளும் லாப்ரடாரின் அடி ரோமமும் சேரும்போது, உதிர வேண்டிய மயிர் கீழே விழாமல் சுருளுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். சீப்பை மேலாக ஓட்டினால் பஞ்சுபோல அழகாகத்தான் தெரியும். தோலை ஒட்டி விரலை விட்டால்தான் கெட்டியாகப் படிந்த சடை தட்டுப்படும். காதுக்குப் பின்னால், அக்குளில், கழுத்துப்பட்டைக்குக் கீழே அது முதலில் பிடிக்கும். நடக்கும் ஒவ்வோர் அடிக்கும் தோலை இழுக்கும். ஈரம் உள்ளே நின்று புண்ணாகும். அந்த நிலையில் சீவிப் பயனில்லை. ஒட்ட மழிக்க வேண்டும். மழித்தால் மொத்த ரோமமும் ஒரே பாளமாகக் கழன்று வரும், அடியில் சிவந்த தோல் தெரியும். பராமரிப்பே தேவையில்லாத நாய் என்று நம்பி வாங்கியவர் அன்றுதான் விஷயத்தைத் தெரிந்துகொள்கிறார்.

இத்தனைக்கும் கீழே இருப்பவள் தாய் நாய். விளம்பரப் படத்தில் வருவது குட்டி மட்டும்தான். பின்கட்டில், சிமெண்ட் தரையில், ஈற்றுக்குப் பின் ஈற்றாகப் பெற்றுத் தேய்ந்துபோகும் பெட்டைகளை வாங்குகிறவர் பார்ப்பதில்லை. வேல்ஸில் அப்படி ஒரு பண்ணையிலிருந்து 2013இல் மீட்கப்பட்ட லூசி என்ற கவாலியரின் பெயரால்தான் இங்கிலாந்தில் லூசி சட்டம் வந்தது. 2020 ஏப்ரலிலிருந்து அங்கே இடைத்தரகர்கள் குட்டி விற்க முடியாது. தாயோடு சேர்த்துக் காட்டி, வளர்ப்பவரே விற்க வேண்டும். லாப்ரடூடில் பிறந்த விக்டோரியா மாநிலமே 2017இல் நாய்ப் பண்ணைகளுக்கு எதிராகச் சட்டம் போட்டது. வளர்ப்பவர் வைத்திருக்கும் பெட்டைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வந்தது. செல்லப்பிராணிக் கடைகள் பண்ணைக் குட்டிகளை விற்பது நின்றது.

கான்ரன் பின்னாளில் மிகவும் வருந்தினார். ஒபாமா வெள்ளை மாளிகைக்கு லாப்ரடூடில் வாங்க யோசிக்கிறார் என்று கேள்விப்பட்டு, வம்சாவளியைச் சரிபார்த்து வாங்குங்கள் என்று அவருக்கே எழுதியதாகச் சொன்னார். 2019இல் ஆஸ்திரேலிய ஏபிசி வானொலிக்குக் கொடுத்த பேட்டியில், இந்த நாயை உருவாக்கியதே தன் வாழ்நாள் வருத்தம் என்றார். அவர் தன்னைக் கடுமையாகவே தண்டித்துக்கொண்டார் என்று எனக்குப் படுகிறது. ஒரு பெண்மணி தெருவில் தனியாக நடக்க வேண்டும் என்பதற்காக, எதைச் சேர்க்கிறோம் என்று தெரிந்து, ஒவ்வொரு குட்டியையும் சோதித்துக் கொடுத்தவர் அவர். இரண்டு நாய்களைச் சேர்ப்பது தவறல்ல. சோதிக்காமல் சேர்த்து, சோதித்ததாகச் சொல்லி விற்பதுதான் தவறு.

இந்தியாவிலும் 2017 முதல் நாய் இனவிருத்திக்கும் விற்பனைக்கும் விதிகள் உண்டு. வளர்ப்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. டூடில் என்ற பெயருள்ள எதையாவது வாங்க நினைப்பவர்கள் முதலில் அந்தப் பதிவைக் கேளுங்கள். தாயைக் காட்டச் சொல்லுங்கள். தாய் தகப்பன் இருவருக்கும் இடுப்பு மூட்டும் கண்ணும் சோதித்த சான்று இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் யாருக்காவது ஒவ்வாமை இருந்தால் அவரையும் அழைத்துப் போய், வாங்கப் போகும் அதே குட்டியோடு சில மணி நேரம் இருக்கச் சொல்லுங்கள். இதில் எதற்காவது விற்பவர் மறுத்தால் வாங்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.