உலகச் சிறார் படநூல்கள்

ஒரு நாட்டுக் குழந்தையின் அன்றாட வாழ்வை வேறொரு நாட்டின் அதே வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லும் நூல்கள் இவை. பெரும்பாலும் நாட்டுக்கு ஒன்றாக, வரிசை நூல்களாக வெளிவந்தன. இவற்றின் பழைய பதிப்புகளைத் தேடிச் சேர்க்கும் ஆர்வலர்கள் இன்றும் உள்ளனர்.

தொடக்கம்: அமெரிக்க ஆசிரியை ஜேன் ஆண்ட்ரூஸ் 1861இல் வெளியிட்ட, ஏழு தேசத்துச் சிறுமிகளைப் பற்றிய நூல் இவ்வகைக்கு முன்னோடிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. 1901 முதல் பாஸ்டனிலிருந்து ‘நம் சின்ன உறவினர்’ என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு வரிசை வந்தது. லூசி ஃபிட்ச் பெர்கின்ஸ் 1911இல் டச்சு இரட்டையரைப் பற்றிய நூலுடன் தம் ‘இரட்டையர்’ வரிசையைத் தொடங்கினார். எல்லிஸ் தீவில் வந்திறங்கிய குடியேறிகளைக் கண்டது அதற்கு ஒரு தூண்டுதல் என்பர். இந்நூல்களில் குழந்தையைவிட அதன் நாட்டு உடையும் வழக்கங்களுமே முன்னே நிற்கின்றன.

ஒளிப்பட நூல்கள்: இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஓவியத்தின் இடத்தை ஒளிப்படம் பிடித்தது. இதில் முதன்மையான பெயர் அன்னா ரிவ்கின்-பிரிக் (1908–1970). ரஷ்யப் பேரரசில் யூதக் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதிலேயே ஸ்வீடனுக்கு வந்தவர். பாலே நடனம் பயின்றவர். பின்னர் ஸ்டாக்ஹோமில் நடனக் கலைஞர்களைப் படமெடுத்துப் பெயர் பெற்றார். ஓடும், குனியும், திரும்பிப் பார்க்கும் குழந்தையின் உடலசைவை அவர் கேமரா தவறவிடாததற்கு அந்தப் பயிற்சியே காரணம் என்று கொள்ள இடமுண்டு.

வடக்கே பனிமான் மேய்க்கும் ஸாமி மக்களைப் பற்றி இதழாளர் எல்லி யான்னஸுடன் 1950இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். பெரியவர்களுக்கான அந்த முயற்சியின் கிளையாக 1951இல் பிறந்ததே, ஒரு ஸாமிச் சிறுமியைப் பற்றிய ‘எல்லே காரி’ என்ற சிறார் நூல். பக்கத்தை நிறைக்கும் கறுப்பு வெள்ளைப் படம், அதையொட்டிச் சில வரிகள்: அமைப்பு அவ்வளவுதான். அது பல மொழிகளுக்குச் சென்றது.

அடுத்து ரிவ்கின்-பிரிக்குடன் கைகோத்தவர், ‘பிப்பி’ கதைகளால் அப்போதே புகழ்பெற்றிருந்த ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரன். ஜப்பானிய நோரிகோ-சான் (1956), கிளிமஞ்சாரோ மலைச்சரிவில் வாழும் சியா (1958), சர்க்கஸ் சிறுமி லிலிபெத் (1960), யூகோஸ்லாவியாவின் மார்கோ (1962), தாய்லாந்தின் நொய் (1966) உட்பட ஒன்பது நூல்களுக்கு அவர் உரை எழுதினார். படங்கள் முதலில் வந்தன, கதை அவற்றைப் பின்தொடர்ந்தது என்றே பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆகவே இவற்றில் எது ஆவணம், எது புனைவு என்று கோடு கிழிப்பது எளிதன்று: குழந்தைகள் மெய்யானவர்கள், அவர்களுடைய சிறு ஆசைகளும் பிணக்குகளும் ஓரளவு கற்பனையாக இருக்கலாம். ஸ்வீடிஷ் மூலத்தில் ஜாக்கியாக இருக்கும் ஹாலந்துச் சிறுவன் (1963) ஆங்கிலப் பதிப்பில் டிர்க் ஆகிவிடுகிறான். முகமும் குறும்பும் மட்டும் மாறவில்லை.

இஸ்ரேலில் இவ்வரிசை பெற்ற அன்பு தனித்துச் சொல்லத்தக்கது. அங்கே கவிஞர் லேயா கோல்ட்பர்க்கின் எபிரேய வடிவில் ஒரு தலைமுறையே நோரிகோ-சானைத் தன் தோழியாக எண்ணி வளர்ந்தது. கோல்ட்பர்க்கின் உரையை மொழிபெயர்ப்பு என்பதா, மறுஆக்கம் என்பதா என்பதில் கருத்து வேறுபடலாம். இதே வரிசையில் காஷ்மீர்ச் சிறுமி சலீமாவைப் பற்றிய நூல், ரிவ்கின்-பிரிக் மறைந்த 1970ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் உரை வேரா ஃபோர்ஷ்பெர்க் எழுதியது.

பிரான்சில் ஒளிப்படக் கலைஞர் டொமினிக் டார்புவாவின் ‘உலகின் குழந்தைகள்’ வரிசையும் ஏறத்தாழ ‘எல்லே காரி’ வெளிவந்த காலத்தில் தொடங்கியதால், யார் யாருக்கு முன்னோடி என்று வரையறுப்பது கடினம். அதில் படத்தின் பின்னணியை வெட்டி நீக்கி, கறுப்பு வெள்ளைக் குழந்தையைத் தட்டையான வண்ணப் பரப்பின் மேல் நிறுத்தியிருப்பார்கள். தாளைப் புரட்டும்போது அந்தப் பிள்ளை பக்கத்தைவிட்டுக் குதித்து வருவதுபோல் இருக்கும்.

பிற்காலம்: மிரோஸ்லாவ் ஷாஷெக் 1959 முதல் வரைந்த நகர நூல்கள் குழந்தைகளைவிட ஊர்களையே பொருளாகக் கொண்டவை. யூனிசெஃப்பின் ஐம்பதாம் ஆண்டையொட்டி 1995இல் வெளியான கிண்டர்ஸ்லி இணையரின் வண்ணப்பட நூல், பல நாட்டுக் குழந்தைகளை ஒரே தொகுப்பில் சேர்த்தது. 2010களில் இஸ்ரேலிய ஆவணப்பட இயக்குநர் துவோரித் ஷர்கால், முதியவர்களாகிவிட்ட எல்லே காரியையும் நோரிகோ-சானையும் தேடிச் சென்று படமாக்கினார்.