பாட்டில் வந்த கையெழுத்து

கூட்டமைப்பு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடும்மா என்று எங்கள் ஊக்குநர் அக்கா கேட்டாங்க. பத்தாவதோடு நின்ற எனக்கு என்ன எழுத வரும் என்று தயங்கினேன். பிறகு எங்கள் குழுவின் முதல் தீர்மானப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். 15 உறுப்பினர்களில் 12 பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்க. எல்லாரும் என் அம்மா வயசுக்காரங்க. அதில் பள்ளிக்கூடம் போனவங்க 3 பேர்தான். மற்றவங்களுக்கு எப்படி வந்தது என்று அம்மாவிடம் கேட்டேன். "அது பாட்டுல வந்த கையெழுத்துடி" என்றாங்க. அந்த வரலாற்றைத்தான் எனக்குத் தெரிந்த வரை எழுதுகிறேன்.

நம்ம புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ல் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவங்களுக்குத் தொண்டர்கள் சம்பளம் வாங்காமல் சாயங்காலம் சொல்லிக் கொடுத்த இயக்கம் அது. ஆனால் வகுப்புக்கு வாங்க என்று சொன்னால் யார் வருவாங்க? களை எடுத்துவிட்டு வந்து சோறாக்கவே பொழுது போய்விடும். அதனால் வகுப்புக்கு முன்னாடி ஊருக்குள் வந்தது கலைக்குழு.

இந்த வழி கேரளாவில் இருந்து வந்தது. அங்கே சாஸ்திர சாகித்திய பரிஷத் என்ற அமைப்பு அறிவியலைப் பாட்டாகவும் நாடகமாகவும் ஊர் ஊராகக் கொண்டு போனது. அதற்குக் கலாஜாதா என்று பெயர். 1987-ல் நாட்டின் 5 திசைகளில் இருந்து இதே மாதிரிக் குழுக்கள் கிளம்பிப் போபாலில் போய்ச் சேர்ந்தன. அதற்கப்புறம்தான் எழுத்தறிவு வேலைக்கும் இந்தப் பாட்டும் நாடகமும் வந்தது.

எங்கள் ஊருக்கு அவங்க வந்தப்ப எனக்கு 2 வயசு. அம்மா இடுப்பில் இருந்தேனாம். பத்துப் பன்னிரண்டு பேர் வந்தாங்களாம். மேடை கிடையாது, திரை கிடையாது. மாரியம்மன் கோயில் திடலில் பறை அடித்துக் கூட்டம் சேர்த்து, வட்டமாக நின்று எல்லாரும் ஒரே குரலில் பாடினாங்களாம். பாட்டு முடிகிறப்பவே அதில் 2 பேர் முன்னால் வந்து வட்டிக்காரராகவும் கூலிக்காரராகவும் ஆகிவிடுவாங்க. மீதிப் பேர் பின்னால் நின்று பின்பாட்டு. நாடகம் முடிந்ததும் வட்டிக்காரரும் திரும்ப வட்டத்துக்குள் வந்து எல்லாரோடும் சேர்ந்து பாடுவார். மெட்டெல்லாம் நம்ம கும்மி மெட்டு, நடவு மெட்டு. வார்த்தை மட்டும்தான் புதுசு. அதனால் ரெண்டாம் தடவை பாடுகிறப்ப ஊரே சேர்ந்து பாடியதாம்.

அன்றைக்குப் போட்ட நாடகம், படிக்காமல் கைநாட்டு வைத்து நிலத்தை விட்ட ஒருத்தன் கதை. எங்கள் அப்பத்தா பாதியிலேயே எந்திரிச்சு வீட்டுக்குப் போயிட்டாங்களாம். எங்கள் தாத்தா அப்படித்தான் ஒரு பேப்பரில் ரேகை வைத்து அரை ஏக்கரை விட்டவர். வீட்டில் யாரும் அதைப் பேசக்கூடாது. அன்றைக்கு ராத்திரி அப்பத்தாதான் அம்மாவிடம், "நீ வகுப்புக்குப் போ, புள்ளைய நான் பாத்துக்கறேன்" என்றாங்களாம். வகுப்பில் முதல் பாடத்தில் வந்த சொல் "பட்டா" என்று அம்மா இன்றைக்கும் சொல்வாங்க.

அம்மாவைப் பாட வைத்ததும் அந்த வட்டம்தான். "தனியாப் பாடச் சொல்லியிருந்தா செத்தாலும் பாடியிருக்க மாட்டேன். பத்துப் பேரோட சேந்து பாடறப்ப என் குரல் எதுன்னு எனக்கே தெரியல. அதான் வாய் தொறந்துச்சு." இதை அம்மா சொன்னப்ப எனக்கு நம்ம குழு ஞாபகம்தான் வந்தது. தனியாக வங்கிக்குப் போகப் பயந்தவங்கதானே நாமும்?

பாட்டோடு சைக்கிளும் வந்தது. அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மா பெண்கள் சைக்கிள் பழக ஊக்கம் கொடுத்தாங்க, வாங்கக் கடனுக்கும் ஏற்பாடு செய்தாங்க. முத்து பாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு ஊரெல்லாம் பரவியது. கல் உடைத்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரியையே குத்தகைக்கு எடுத்து நடத்தினதும் இந்த மாவட்டத்தில்தான்.

எல்லாம் நல்லபடியாகவே நடந்தது என்று எழுதினால் அது பொய். எங்கள் சின்னத்தைக்கு நல்ல குரல். கலைக்குழுவில் கூப்பிட்டாங்க. வெளியூரில் ராத்தங்கணும் என்றதும் வீட்டில் அனுப்பவில்லை. அந்த வருத்தம் அவங்களுக்கு இன்னும் இருக்கிறது. இயக்கம் முடிந்தபின் நிறையப் பேருக்கு எழுத்து மறந்துபோச்சு. அம்மாவுக்கே இப்போது கையெழுத்தும் பஸ் போர்டும்தான் மிச்சம்.

ஆனால் வட்டமாக உட்காரப் பழகியது மறக்கவில்லை. 1989-ல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் குழு வேலை, பிறகு மகளிர் திட்டமாக எங்கள் ஊருக்கு வந்தப்ப, குழு சேர்க்க யாரும் வீடு வீடாக அலையவில்லை. அறிவொளி வகுப்பில் உட்கார்ந்தவங்களே முதல் குழுவாகிட்டாங்க. அந்தத் தீர்மானப் புத்தகம்தான் நான் பார்த்தது.

இப்போது நம்ம கூட்டத்தில் சேமிப்பு, உள்கடன், தவணை எல்லாம் சரியாகப் பேசுகிறோம். பாடுவதில்லை. போன மாதம் அம்மாவையும் சின்னத்தையையும் குழுக் கூட்டத்துக்குக் கூட்டிப் போனேன். சின்னத்தை எடுத்துக் கொடுக்க, 4 பாட்டைச் செல்போனில் பதிவு செய்தோம். இன்னும் பாட்டு இருக்கிறது, வரிதான் விட்டுப்போச்சு என்றாங்க. விட்ட வரி பக்கத்து ஊரில் யாருக்காவது தெரிந்திருக்கும். உங்கள் வீட்டுப் பெரியவங்களையும் கேட்டு எழுதி வையுங்கள். அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு நோட்டோடு வருகிறேன்.