முழுவாய்ப் பல் மறுசீரமைப்பு: காரணம் அறிதலும் சிகிச்சைத் தேர்வும்

முழுவாய்ப் பல் மறுசீரமைப்பு என்றதும் பேச்சு பெரும்பாலும் பொருளைப் பற்றியே தொடங்குகிறது. சிர்கோனியாவா, உலோகத்தின் மேல் பீங்கானா, எத்தனை இம்ப்ளான்ட்? இந்த வரிசை தலைகீழானது என்பதே இக்கட்டுரையின் வாதம். பற்கள் ஏன் கெட்டன என்பதை முதலில் அறிய வேண்டும். எஞ்சியவற்றில் எவற்றைக் காக்கலாம் என்பதை அடுத்துப் பார்க்க வேண்டும். பொருள் கடைசியில் வர வேண்டும்.

தேய்ந்த வாயை எடுத்துக்கொள்வோம். மேல் முன்பற்களின் உட்புறம் குழிந்து வழவழப்பாகி, கடைவாய்ப் பல்லில் பழைய ஃபில்லிங் மட்டும் சுற்றியுள்ள பல்லைவிட மேடாக நின்றால், அது அமில அரிப்பின் அடையாளம். பல் கரைந்திருக்கிறது, ஃபில்லிங் கரையவில்லை. எதுக்களிப்போ, அடிக்கடி வாந்தியோ, குளிர்பானப் பழக்கமோ காரணமாக இருக்கலாம். மாறாக, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றோடொன்று அச்சாகப் பொருந்தும் தட்டையான தேய்மானம், தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதைக் காட்டும். முதலாமவருக்கு வயிற்று மருத்துவரின் துணை வேண்டும்; இரண்டாமவருக்கு இரவில் அணியும் ஸ்பிளின்ட் வேண்டும். இதை விசாரிக்காமல் இருவருக்கும் ஒரே மாதிரி கிரவுன் வைத்தால், ஒருவருக்குக் கிரவுனின் விளிம்பில் பல் அரிக்கும். மற்றவருக்குப் பீங்கான் உடையும்.

தேய்ந்த பல் என்றால் கடி உயரமும் (பல்லைக் கடித்த நிலையில் முகத்தின் கீழ்ப்பகுதியின் உயரம்) குறைந்துவிட்டது என்று கொள்வது பரவலான பிழை. பல் மெல்லத் தேயும்போது அது எலும்போடு சேர்ந்து மெல்ல எழும்பி அந்த இழப்பை ஈடுசெய்யக்கூடும். டர்னரும் மிசிர்லியனும் 1984இல் தேய்ந்த பல்வரிசைகளை மூன்றாகப் பகுத்ததன் பயன் இங்கேதான்: உயரம் குறைந்தவை, குறையாவிட்டாலும் புதிய பல்லுக்கு இடம் இருப்பவை, உயரமும் குறையாமல் இடமும் இல்லாதவை. மூன்றாம் வகைதான் கடினமானது. எந்த வகையானாலும், உயர்த்த நினைக்கும் அளவை தாடையசைவைப் போலச் செய்யும் ஆர்டிகுலேட்டர் கருவியில் மெழுகால் வடித்துப் பார்த்து, தற்காலிகப் பற்களாக வாயில் பொருத்தி, நோயாளி அதோடு சில வாரங்களாவது மென்று, பேசி, உறங்கிப் பழகிய பிறகே நிரந்தர வேலைக்குப் போக வேண்டும். தாடைத் தசை வலித்தால் தற்காலிகப் பல்லைத் திருத்திவிடலாம். சீவிய பல்லை மீட்க வழியில்லை.

முழுக் கிரவுனுக்காகச் சீவும்போது ஈறுக்கு மேலுள்ள பல்லில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போய்விடுவதை எடல்ஹாஃப், சோரன்சன் ஆகியோரின் 2002ஆம் ஆண்டு அளவீடு காட்டியது. ஏற்கெனவே தேய்ந்து மெலிந்த பல்லுக்கு இது பெருஞ்சேதம். எனாமல் மிஞ்சியிருக்கும் இடங்களில் பல்லோடு ஒட்டும் பிசின் கலவையான காம்போசிட்டே முதல் தேர்வாக வேண்டும் என்பது என் நிலைப்பாடு. அது சில ஆண்டுகளில் தேயும், விளிம்பு உடையும். ஆனால் உடைந்த இடத்தில் மீண்டும் ஒட்டலாம். முன்பற்கள் மட்டும் தேய்ந்தவர்களுக்கு நார்வேயின் டால் 1975இல் காட்டிய வழியும் உண்டு. முன்பற்களை மட்டும் உயர்த்திவிட்டால், இடைவெளி விழுந்த கடைவாய்ப் பற்கள் சில மாதங்களில் தாமாக எழும்பி மீண்டும் கடியில் சேரும். இருபத்தெட்டுப் பல்லையும் தொட வேண்டிய சிகிச்சை எட்டுப் பல்லோடு முடியக்கூடும்.

பற்கள் சில போய்விட்ட வாயில் வாதம் சிக்கலாகிறது. 1965இல் கோத்தன்பர்க்கில் பிரானெமார்க் முதல் நோயாளிக்கு டைட்டானியம் இம்ப்ளான்ட் பொருத்தியது பெரும் திருப்பம். பின்னர் லிஸ்பனில் மாலோ நான்கே இம்ப்ளான்ட்டில், பின்னிரண்டைச் சாய்த்து வைத்து, ஒரு தாடை முழுவதையும் தாங்கச் செய்தார். ஈறுநோயால் எல்லாப் பற்களும் ஆட்டம் கண்டவருக்கு இது உண்மையான வரம். தேறாத பல்லை இழுத்துப் பிடித்தால் எலும்பும் கரையும் என்று பிடுங்கச் சொல்வோரின் வாதம் அங்கே சரியே. ஆனால் காக்கத்தக்க பற்களையும் பிடுங்கி அந்த முறைக்கு இடம் செய்வதை ஏற்க முடியாது. இயற்கைப் பல்லைச் சுற்றி அழுத்தத்தை உணரும் நார்த்திசு இருக்கிறது. இம்ப்ளான்ட்டுக்கு அது இல்லை. மேலும், ஈறுநோயால் பல்லை இழந்தவருக்கு இம்ப்ளான்ட்டைச் சுற்றியும் அழற்சி வரும் வாய்ப்பு மற்றவரைவிட அதிகம். விட்டுப்போன ஒவ்வொரு பல்லையும் நிரப்பியே தீர வேண்டும் என்பதும் இல்லை. முன்பற்களும் முன்கடைவாய்ப் பற்களும் நன்றாக இருந்தால் முதியவர் பலருக்கு மெல்ல அதுவே போதும் என்று நெதர்லாந்தின் கேய்சர் 1981இலேயே வாதிட்டார்.

ஒரு பல்கூட இல்லாதவருக்கு மட்டும் தயக்கமின்றி இம்ப்ளான்ட்டைப் பரிந்துரைப்பேன், அதுவும் கீழ்த்தாடைக்கு. முழுப் பல்செட் அணிபவர்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்த டால்கிரன், கீழ்த்தாடை மேடு மேல்தாடையைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு கரைவதை 1972இல் பதிவுசெய்தார். கீழ்ப் பல்செட் நாக்கசைவில் மிதப்பதற்கு இதுவும் காரணம். இரண்டே இம்ப்ளான்ட்டில் கவ்வி நிற்கும், கழற்றக்கூடிய பல்செட்டைக் கீழ்த்தாடைக்கு முதல் தேர்வாக வைக்க வேண்டும் என 2002இல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள் அறிவித்தனர். கழற்ற முடியாத பற்களே உயர்ந்தவை என்று எண்ணுவோர் இதைக் குறைவாகப் பார்ப்பதுண்டு. ஆனால் கை நடுங்கி, பிரஷ் பிடிக்க முடியாத நாள் வரும்போது, உடனிருப்பவர் அந்தப் பல்செட்டைக் கழற்றிக் குழாயடியில் கழுவி, இரண்டு இம்ப்ளான்ட்டுகளையும் துடைத்துவிடலாம். தாடையோடு திருகிய பன்னிரண்டு பல் பாலத்தின் அடிப்பக்கத்தை வீட்டில் அப்படிச் சுத்தம் செய்ய முடியாது.