சம்மான்

புதுக்கோட்டைக் கரையின் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் துறைகளில் இன்று விசைப்படகு, நாட்டுப்படகு என்ற பேச்சுதான். சீனக் கடற்கரையில் குடியேறப் போகிற புதுக்கோட்டைக்காரர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய படகுப் பெயரோ நம் கடலுக்குப் புதிதல்ல: சாம்பான்.

கான்டனீஸ் பேச்சில் 'சாம்' என்றால் மூன்று, 'பான்' என்றால் பலகை. அடிக்கு ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. தட்டையான அடி, ஏரா கிடையாது. ஆழமில்லாத சேற்று நீரிலும் எளிதில் தரை தட்டாது. பின்பக்கம் நின்று ஒற்றைத் துடுப்பை வலமும் இடமுமாகத் திருகியே ஓட்டுவார்கள். துடுப்பு தண்ணீரை விட்டு வெளியே வருவதில்லை. சொல்லின் பிறப்பிடம் மலாய் என்போரும் உண்டு. எனக்கென்னவோ மூன்று பலகைதான் பொருத்தமாகப் படுகிறது.

மேற்கே வந்த சொல் 'சம்மான்' ஆனது. தமிழகக் கரையிலிருந்து வணிகத்துக்குப் போன முஸ்லிம்களை இலங்கையில் 'சம்மான்காரர்' என்றார்கள். சிங்களத்தில் அந்தச் சொல் 'ஹம்பன்'; அம்பாந்தோட்டை என்ற பெயருக்கும் அதையே மூலமாகச் சொல்வார்கள். சீனத்தில் ஆற்றோரச் சிறு ஓடம், இங்கே சரக்கேற்றிக் கடல் கடக்கும் கலம்! பதிலுக்கு நாம் கொடுத்த கட்டுமரம் மட்டும் என்ன, ஆங்கிலத்தில் போய் இரட்டை உடல் கொண்ட சொகுசுப் படகாகிவிட்டது.