அறியா வினாவும் கணிப்பொறியும்



நன்னூலார் வினாவை ஆறு வகையாகப் பகுத்தார். விடை தெரிந்தே ஆசிரியன் மாணவனைக் கேட்பது அறிவினா. தெரியாததைத் தெரிந்துகொள்ள மாணவன் கேட்பது அறியா வினா. மாணவன் எந்தச் சொல்லாற் கேட்பினும் அவன் கருத்தறிந்து விடை கூறுதல் ஆசிரியன் கடன். இக்கடனைக் கணிப்பொறி கற்கத் தொடங்கிய வரலாற்றையே இன்று கூற விழைகின்றேன்.

1961-ஆம் ஆண்டில் பெர்ட் கிரீன், ஆலிஸ் உல்ஃப், கேரல் சாம்ஸ்கி, கென்னத் லாஃகரி என்னும் அமெரிக்க அறிஞர் நால்வர் ‘பேஸ்பால்’ என்ற திட்டத்தை வெளியிட்டனர். ஓராண்டுப் பந்தாட்டங்களின் நாள், இடம், அணி, புள்ளி ஆகியன அதில் அடங்கியிருந்தன. எளிய ஆங்கில வினாவுக்கு அது விடை தந்தது. ஆனால் ‘மிக அதிகம்’ போன்ற சொற்களுக்கும் கிளை வாக்கியங்களுக்கும் அங்கு இடமில்லை.

பத்தாண்டுகளுக்குப் பின் வில்லியம் உட்ஸ் என்பவர் ‘லூனார்’ திட்டத்தை அமைத்தார். சந்திரனிலிருந்து கொணர்ந்த பாறைகளின் வேதிப் பகுப்பாய்வு அதன் பொருள். 1971-இல் ஹூஸ்டன் மாநாட்டில் நிலவியல் அறிஞர்கள் தத்தம் நடையிலேயே வினவினர். 111 வினாக்களில் 78 விழுக்காட்டிற்குச் சரியான விடை கிடைத்தது. எனினும் வேறொரு துறைக்கு அதனை மாற்ற வேண்டின், விதிகளைப் பெரும்பாலும் புதிதாக எழுத வேண்டியிருந்தது.

உலக வலையிற் பரவிக் கிடக்கும் செய்திகளைக் கணிப்பொறியும் பொருளுணர்ந்து கையாளவேண்டும் என்ற ‘பொருளுணர் வலை’க் கருத்தை டிம் பெர்னர்ஸ்-லீ முதலியோர் 2001-இல் விளக்கினர். அதில் ஒவ்வொரு செய்தியும் மூன்று உறுப்புடையது: ‘டான்யூப் – கலக்குமிடம் – கருங்கடல்’ என்பது போல. முதலுறுப்பை வெற்றிடமாக விட்டால், கருங்கடலிற் கலக்கும் ஆறுகள் எவை என்ற வினா பிறக்கும். இவ்வாறு வினவுதற்குரிய ‘ஸ்பார்க்யூஎல்’ என்னும் மொழி 2008-இல் தரமாக ஏற்கப்பட்டது. மக்கள் மொழியை இம்மொழியாக மாற்றும் திட்டங்களை ஒப்பிடும் போட்டிகள் 2011 முதல் நடைபெறலாயின.

இங்குள்ள இடர்ப்பாடுகள் இலக்கணம் பயின்றோர்க்குப் புதியன அல்ல. ‘மிசிசிப்பி’ என்றால் ஆறா, மாநிலமா? ‘எங்கே போய் முடிகிறது’ என்று ஒருவர் கேட்க, ஏட்டிலோ ‘கலக்குமிடம்’ என்றிருக்கும். ‘மிக நீளமான ஆறு எது’ என்றாலோ, அனைத்தையும் வரிசைப்படுத்தியே விடை காணவேண்டும்.

இன்று பெருமொழி மாதிரிகள் இம்மாற்றத்தைச் சரளமாகச் செய்கின்றன. ஆயினும் ஏட்டில் இல்லாத உறவுப் பெயரைப் புனைந்துவிடுதலும் உண்டு. தவறாக அமைந்த வினவலுக்கும் ஒழுங்கான விடையொன்று கிடைத்துவிடலாம். கேட்டவரோ விடை அறியாதவர். பிழையை அவர் எங்ஙனம் காண்பார்? ஆகவே, ‘தங்கள் வினாவை இவ்வாறு பொருள் கொண்டேன்’ என்று முதலிற் கூறிப் பின்னர் விடையளிக்கும் பொறியே நம்பத்தக்கது என்பேன். நல்லாசிரியனும் அவ்வாறே செய்வான் அன்றோ!